மாமா சொன்ன மூன்று வார்த்தைகள்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சூடாகும். அந்தப் பயணத்தில் என் காது ஐந்து நாட்கள் சரியாக ஆறவே இல்லை.

அம்மா எம்பிராய்டரி மெஷின் மெக்கானிக். ஒரே நேரத்தில் பன்னிரண்டு ஊசிகள் இறங்கி ஏறும் பெரிய மெஷின்கள் அவை. ஒன்று நின்றுவிட்டால் தொழிற்சாலைக்காரர்கள் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். இந்த முறை கூப்பிட்டவர்கள் பக்கத்து நாட்டில் இருந்தார்கள். அதை முடித்துவிட்டு, அதற்கும் அடுத்த நாட்டில் இன்னொரு தொழிற்சாலை. எனக்குப் பள்ளி விடுமுறை. அப்பாவுக்கு விடுமுறை இல்லை. அதனால் உதிரி பாகங்கள் நிறைந்த வேனில் நானும் ஒரு மூட்டையாக ஏறிக்கொண்டேன்.

வேனை ஓட்டியவர் மாமா, அம்மாவின் தம்பி. பெரிய மீசை, அதைவிடப் பெரிய மூக்கு. பக்கத்து நாட்டில் ஆறு வருடம் லாரி ஓட்டியவர். அந்த நாட்டு மொழி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அம்மாவுக்கும் எனக்கும் அதில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

கிளம்பும்போதே மாமாவிடம் சொல்லிவிட்டேன்.

"மாமா, நான் சாப்பிடாதது எட்டு. கறி, மீன், முட்டை, பால், தயிர், வெண்ணெய், நெய், தேன். மிருகத்துகிட்டருந்து வர்ற எதுவும் வேண்டாம். சமைக்கிறவங்ககிட்ட நீங்கதான் சொல்லணும்."

"அப்புறம் எதைத்தான் தின்பே, ஆட்டுக்குட்டி? இலை தழையா?"

"இலை, தழை, கிழங்கு, பருப்பு, பழம், சோறு, ரொட்டி. போதுமா?"

"மாமா நான் இருக்கேன். கவலையை விடு," என்று நெஞ்சில் தட்டிக்கொண்டார்.

எட்டு மாதங்களுக்கு முன்பு பள்ளியிலிருந்து ஒரு பால் பண்ணைக்குப் போனோம். மற்றவர்கள் ஐஸ்கிரீம் வாங்க ஓடினார்கள். நான் ஒரு கன்றுக்குட்டியின் முன்னால் நின்றுவிட்டேன். பிறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அதன் அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் கத்தியது. இது இந்தப் பக்கம் கத்தியது. கையை நீட்டினேன். என் விரலைப் பிடித்துச் சப்பியது. பால் வரவில்லையே என்று என்னையே பார்த்தது.

அன்று மாலை அம்மா கொடுத்த பால் டம்ளரை என்னால் தூக்க முடியவில்லை. அவ்வளவுதான். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அம்மா முதல் வாரம் திட்டினாள். இரண்டாம் வாரம் கெஞ்சினாள். மூன்றாம் வாரம் சோயா பால் வாங்கி வந்தாள்.

பக்கத்து நாட்டில் தொழிற்சாலைக்கு எதிரிலேயே ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. நீள நீளமான மேசைகள், ஆவி படிந்த ஜன்னல்கள். தலையில் துணி கட்டிய ஒரு சமையல்கார அம்மா எங்களிடம் வந்து நின்றார். மாமா அவர் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனார்.

"அவ்ளோதானா மாமா?"

"என்ன அவ்ளோதானா?"

"நான் சொன்னது எட்டு. நீங்க சொன்னது மூணே மூணு வார்த்தை."

"இவங்க மொழி அப்படி. ரொம்பச் சுருக்கம்."

நான் நம்பினேன்.

சூப் வந்தது. பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு. அப்படி ஒரு ருசி! "பாரும்மா, வெறும் காயிலயே இவ்ளோ ருசி வருது. உனக்கு ஏன் வரல?" என்று அம்மாவை வம்புக்கு இழுத்தேன். மாமாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

இரவும் அதே சூப். மறுநாள் இரண்டு வேளையும் அதே சூப். ஒவ்வொரு முறையும் சமையல்கார அம்மாவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவரும் பதிலுக்குக் காட்டினார்.

மூன்றாம் நாள் மதியம் அம்மா வர நேரமாயிற்று. ஏதோ ஓர் ஊசி உடைந்துகொண்டே இருக்கிறதாம். மாமா வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார். என் கிண்ணம் காலியாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று நானே கிண்ணத்தோடு சமையலறைக்குள் போனேன்.

பெரிய பானையில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. அதில் என் கை நீளத்துக்கு எலும்புகள் மிதந்தன.

சமையல்கார அம்மா என்னைக் கவனிக்கவில்லை. ஒரு கிண்ணத்தில் சூப்பை ஊற்றினார். அதிலிருந்து கறித் துண்டுகளை ஸ்பூனால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். பிறகு காய்களைப் போட்டார். மேலே ஒரு கட்டி வெண்ணெய் போட்டுக் கலக்கினார். எனக்கு இரண்டாவது கிண்ணமாக அதை நாங்கள் உட்கார்ந்திருந்த மேசைக்குக் கொண்டுவரத் திரும்பினார்.

"ஐயோ, இல்ல! இல்ல!" என்று இரண்டு கைகளையும் ஆட்டிக் கத்தினேன்.

அவர் திடுக்கிட்டார். என்னைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். பிறகு, 'அடடா, மாட்டிக்கொண்டேனே' என்பதுபோலச் சிரித்தார். ஜன்னல் வழியாக மாமாவைக் காட்டினார். உதட்டில் ஒரு விரலை வைத்தார். கண்ணடித்தார்.

மாமா செய்ததை அப்படியே செய்து காட்டுகிறார் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று.

கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டுக் குழாயடிக்கு ஓடினேன். வாயைக் கொப்பளித்தேன். நாக்கைக் கையாலேயே தேய்த்தேன். ஐந்து வேளை! ஐந்து வேளை உள்ளே போனதை எதைப் போட்டுக் கழுவுவது? காது இரண்டும் அடுப்புபோலக் கொதித்தன.

வாசலுக்குப் போனேன்.

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

மாமா போனைக் காதிலிருந்து எடுக்காமல், "எவங்ககிட்ட?" என்றார்.

"சூப்ல எலும்பு கிடக்குது. வெண்ணெய் போடறாங்க. நான் பாத்தேன்."

மாமா போனை அணைத்தார். பொய் சொல்லிப் பார்க்கலாமா என்று அவர் யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது.

"எலும்பைத்தான் எடுத்துடறாங்களே!" என்று சிரித்தார்.

"என்ன சொன்னீங்க?"

"'அவளுக்குத் தெரியாம போட்டுடுங்க'ன்னு சொன்னேன். இப்ப என்ன? வளர்ற பொண்ணு. பத்து நாள் காயை மட்டும் தின்னு மயங்கி விழுந்தா உங்க அப்பாவுக்கு யார் பதில் சொல்றது?"

"எட்டு மாசமா நான் விழலையே!"

"உனக்கென்ன, உடம்புக்கா ஆகாது? மனசுக்குத்தானே ஆகாது? தெரியாமப் போனா மனசு எப்படிக் கெடும்?"

இதற்குப் பதில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அது வாய்க்கு வரவில்லை. அதனால் கோபம் இன்னும் இரண்டு மடங்காயிற்று.

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். கையெல்லாம் கிரீஸ். நடந்ததைச் சொன்னேன்.

"டேய், உனக்கு அறிவிருக்கா?" என்று அம்மா மாமாவைப் பிடித்துக்கொண்டாள். "குழந்தைகிட்ட சாரி சொல்லு."

"சாரிங்க, மகாராணி," என்று மாமா தரையைத் தொடும் அளவுக்குக் குனிந்தார்.

அம்மாவின் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பை அடக்குகிறாள்! "சரி, விடு. ஊருக்குப் போய்ப் பேசிக்கலாம்," என்றாள்.

வயிற்றுக்குள் போனது ஊருக்குப் போனால் வெளியே வந்துவிடுமா?

அன்று முதல் மாமா வாய் திறந்து வாங்கிய எதையும் நான் தொடவில்லை. நானே கடைக்குப் போய் விரலை நீட்டி வாழைப்பழமும் வேர்க்கடலையும் வெள்ளரிக்காயும் வாங்கிக்கொண்டேன். இன்னொன்றும் செய்தேன். அவரை மாமா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

மறுநாள் காலை அடுத்த நாட்டுக்குக் கிளம்பினோம்.

"டிரைவர், கண்ணாடியை ஏத்துங்க. காத்து அடிக்குது."

"யாருடி டிரைவர்? நான் உன் தாய்மாமன்."

"தாய்மாமனா இருந்தா பொய் சொல்லியிருக்க மாட்டார். ரோட்டைப் பாத்து ஓட்டுங்க, டிரைவர்."

அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்காவது வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன். வாழைப்பழத்தைப் பார்த்தாலே அழுகை வந்தது.

இரண்டாவது நாட்டில் மாமாவின் பாச்சா பலிக்கவில்லை. அந்த மொழி அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு மாடியில் அந்த நாட்டுக் குடும்பம் ஒன்று குடியிருக்கிறது. அந்த வீட்டுப் பெண்ணும் நானும் நான்கு வயதிலிருந்து கூட்டாளிகள். அவள் மொழியில் எனக்குப் பிழையில்லாமல் எழுத வராது. ஆனால் மூச்சு விடாமல் சண்டை போட வரும்.

எல்லையில் மாமா கைகளை ஆட்டி ஆட்டி, வேனை எங்கே நிறுத்துவது என்று கேட்டார். அதிகாரி கழிப்பறையைக் காட்டினார். நான் வாயே திறக்கவில்லை.

தொழிற்சாலை வாசலில் அம்மா கையெழுத்துப் போடப் போனாள். "நீங்க ரெண்டு பேரும் போய்ச் சாப்பிடுங்க. சண்டை போடாம," என்று எங்களைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினாள். அங்கே சமையல்காரர் ஒருவர் தொப்பையின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். நான் நேராக அவரிடம் போய் என் எட்டையும் அவர் மொழியில் சொன்னேன்.

"இதெல்லாம் வேண்டாமா? அப்போ நாற்காலி, மேசை எல்லாம் சாப்பிடுவியா?" என்றார் அவர்.

"உருளைக்கிழங்கு இருக்கா?"

"இருக்கே! மொறுமொறுன்னு பொரிச்சுத் தர்றேன்."

"எந்த எண்ணெயில?"

அவர் பெருமையாக ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே வெள்ளையாக உறைந்து கிடந்தது. பன்றிக் கொழுப்பு.

"வேற எண்ணெய் இல்லையா?"

"சாலட்ல ஊத்தற சூரியகாந்தி எண்ணெய் இருக்கு. அதுல யாராவது பொரிப்பாங்களா?"

"இன்னிக்கு நீங்க பொரிப்பீங்க."

அவர் சிரித்த சிரிப்பில் தொப்பை குலுங்கியது.

"ரொட்டி மாவுல பால் உண்டா?"

"இல்ல. தண்ணிதான்."

"மேல முட்டை தடவுவீங்களா?"

"இதுல இல்ல."

"வாணலியைக் கழுவிட்டுப் பொரிங்க."

"ஏம்மா, நீ சுகாதார அதிகாரியோட பொண்ணா?" என்று கேட்டுக்கொண்டே வாணலியைத் தேய்த்துக் கழுவி, என் மூக்குக்கு நேரே காட்டிவிட்டுத்தான் அடுப்பில் வைத்தார்.

பொரித்த உருளைக்கிழங்கு, வெங்காயம், தக்காளியில் வெந்த பீன்ஸ், சூடான ரொட்டி. ஒரு நாள் முழுக்க வாழைப்பழம் தின்றவளுக்குத்தான் அந்தத் தட்டின் அருமை தெரியும்.

மாமா என் தட்டையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கும் ஏதாவது சொல்லேன்."

"நீங்களே சொல்லிக்கோங்க, டிரைவர்."

மாமா எழுந்தார். பக்கத்து மேசையில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கறிக் குழம்பைக் காட்டினார். முழங்கைகளைச் சிறகுபோல அடித்து, "கொக் கொக்?" என்றார். சமையல்காரர் தலையை ஆட்டி மறுத்து, அது என்ன கறி என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை நிதானமாகச் சொன்னார். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

எனக்குப் புரிந்தது. அவர் சொன்னது முயல்.

மாமா ஆடு தின்பார், கோழி தின்பார், மீனை முள்கூட விடமாட்டார். முயலை மட்டும் தொட மாட்டார். என் வயதில் அவர் ஒரு முயல் வளர்த்தாராம். நான்கு வருடம் அது அவர் கட்டிலுக்கு அடியில்தான் தூங்கியதாம். ஒருமுறை அப்பா அதை வைத்துக் கேலி செய்தபோது, மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றி விளையாட்டாகப் பேசுவதில்லை.

குழம்பு வந்தது. மாமா ஸ்பூனில் ஒரு துண்டை எடுத்து ஊதினார்.

"ஆகா, வாசனையைப் பாரு. கோழிதானே இது?"

நான் ஓர் உருளைக்கிழங்கை வாயில் திணித்துக்கொண்டேன்.

நான் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தாலே போதும். வாயில் உருளைக்கிழங்கு இருக்கிறது, பேச முடியவில்லை என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். அவர் தின்று முடித்து, தட்டை வழித்து, ஏப்பம் விடட்டும். அப்புறம் சொல்லலாம், 'அது முயல், டிரைவர்' என்று. அப்போது அவர் முகம் எப்படி ஆகும்? அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அவ்வளவு ஆசையாக இருந்தது.

ஸ்பூன் மேலே போனது. மாமா வாயைத் திறந்தார். ஒன்றும் தெரியாமல், சந்தோஷமாக. நானும் அப்படித்தானே ஐந்து வேளை வாயைத் திறந்தேன்!

"சாப்பிடாதீங்க!" மேசையில் ஓங்கி அடித்தேன். ஸ்பூன் துள்ளி விழுந்தது. மாமாவின் சட்டையெல்லாம் குழம்பு.

"என்னடி ஆச்சு?"

"அது முயல்."

மாமாவின் மீசை அப்படியே நின்றது. தட்டைப் பார்த்தார். ஒரே ஒரு விரலால் அதை மேசையின் அந்த ஓரத்துக்குத் தள்ளினார். கையில் எதுவும் படவில்லை. ஆனாலும் கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

எனக்குத்தான் கோபம் தாங்கவில்லை. அழுகையும் சேர்ந்து வந்தது.

"நான் சொல்லாம விட்டிருக்கலாம்! நீங்க ரசிச்சுத் தின்னிருப்பீங்க. இன்னொரு தட்டு கேட்டிருப்பீங்க. நான் அவரைப் பாத்துக் கண்ணடிச்சிருப்பேன்! உங்களுக்கென்ன, உடம்புக்கா ஆகாது?"

மாமா வாயைத் திறந்தார். "தெரியாமத் தின்னிருந்தா நான்..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு, குனியாமல், மகாராணி என்று சொல்லாமல், என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நான் உனக்குச் செஞ்சது தப்பு. எவ்ளோ பெரிய தப்புன்னு இப்பத்தான் வயித்துல தெரியுது."

"எனக்கு நேத்தே தெரிஞ்சுது," என்றேன். "எனக்கு இன்னும் கோபம் போகல."

"போக வேண்டாம். வெச்சுக்கோ. எனக்கு வேற என்ன இருக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்றியா?"

கேட்டேன். "உன் தட்டுல இருக்கறதுதான் இருக்கு," என்றார் சமையல்காரர். மாமாவும் சூரியகாந்தி எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கைத்தான் சாப்பிட்டார். இதில் என்ன இருக்கிறது, எப்படிச் செய்தார்கள் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான் சொன்னேன், சாப்பிட்டார்.

என் இடது காது கொஞ்சம் ஆறியது. வலது காது ஆறவில்லை.

அம்மா இரண்டு நாளில் வேலையை முடித்தாள். திரும்பும் வழியில் மாமா வேனை அந்தப் பழைய சூப் கடை வாசலில் நிறுத்தினார்.

"நான் இறங்கல," என்றேன். "என்கிட்ட வாழைப்பழம் இருக்கு."

"இறங்கு, பாப்பா. அவங்ககிட்ட நான் பேசணும். பேசறப்போ நீ பக்கத்துல நிக்கணும்."

சமையல்கார அம்மா எங்களைப் பார்த்ததும் கட்டைவிரலை உயர்த்தினார். மாமா அவரிடம் பேச ஆரம்பித்தார். நின்று, நிறுத்தி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பேசினார். என்னைக் காட்டினார். தன்னைக் காட்டிக்கொண்டார். சமையல்கார அம்மாவின் சிரிப்பு மெல்ல மெல்லக் காணாமல் போனது.

கையிலிருந்த கரண்டியால் மேசையில் 'டமார்' என்று அடித்தார். பிறகு ஆரம்பித்தார் பாருங்கள்! கடையில் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"அது... கொஞ்சம் வருத்தப்படறாங்க."

நான் அவரையே பார்த்தேன்.

"'எருமை மாடு'ன்னு சொல்றாங்க."

"யாரை?"

"என்னைத்தான்."

"அப்புறம்?"

"'சின்னப் பொண்ணை ஏமாத்த என் கைதான் உனக்குக் கிடைச்சுதா? வெட்கமா இல்ல?'ன்னு கேக்கறாங்க."

"அப்புறம்?"

"'உன் மீசையை அடுப்புல வைக்கணும்'ங்கறாங்க."

"நடுவுல நீளமா ஏதோ சொன்னாங்களேடா," என்றாள் அம்மா.

"அது என் மூக்கைப் பத்தி, அக்கா. அது எதுக்கு?"

"முழுசாச் சொல்லு."

மாமா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "'அடுத்தவங்க தட்டுல நுழைக்கறதுக்குத்தான் இதை இவ்ளோ நீளமா வளர்த்து வெச்சிருக்கியா?'ன்னு கேக்கறாங்க."

தன் மூக்கைப் பற்றி யாரும் அப்படிக் கற்பனை செய்து சொல்ல மாட்டார்கள். எல்லாமே உண்மை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

திட்டி முடித்த சமையல்கார அம்மா, கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

"'இவன் விளையாட்டுக்குச் சொல்றான்னு நினைச்சேன். மன்னிச்சிடு'ன்னு சொல்றாங்க," என்றார் மாமா.

"எனக்கு அவங்க மேல கோபமே இல்லன்னு சொல்லுங்க மாமா. கறித் துண்டை எல்லாம் ரொம்பப் பொறுமையா எடுத்தாங்கன்னும் சொல்லுங்க."

மாமா சொன்னார். சமையல்கார அம்மா என் கன்னத்தைக் கிள்ளி, கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். மேல் தட்டிலிருந்து வேறு பானை ஒன்றை இறக்கினார். எண்ணெயை எனக்கு முகர்ந்து பார்க்கக் கொடுத்தார். பீன்ஸை நானே நறுக்கினேன்.

அந்தப் பழைய சூப் அளவுக்கு இது ருசி இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் உள்ளே போன ஒவ்வொரு வாயும் என்ன என்று எனக்குத் தெரியும்.

அம்மாவுக்கும் தட்டு வந்தது. மாமாவுக்கு வரவில்லை. அவர் கழுத்தை நீட்டிச் சமையலறையை எட்டி எட்டிப் பார்த்தார். அவர் வயிறு எங்கள் மேசை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தியது. உள்ளேயிருந்து சமையல்கார அம்மாவின் குரல் வந்தது.

"என்ன சொல்றாங்க மாமா?"

மாமா பெருமூச்சு விட்டார்.

"'அந்தப் பொண்ணு சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் உனக்கு ஒண்ணும் கிடையாது'ன்னு சொல்றாங்க."

என் கிண்ணத்தில் இன்னும் பாதி இருந்தது. நான் ஒரு துண்டு கேரட்டை எடுத்தேன். அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன். பிறகு வாயில் போட்டு மெதுவாக, மிக மிக மெதுவாக மென்றேன்.